கேதீஸ்வரன் அண்ணை சொல்லி முடிக்காத சீசன்

மேடையில் இருக்கும் எங்கள் உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் திரு செந்தில்நாதன் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் கேதீஸ்வரன் அண்ணையின் துணைவியார் நாகேஸ்வரி அக்கா அவர்களே, மகள் நிரூபா, டார்னெய்டிலும் ட்ருகனினாவிலும் இருந்து, தூரத்துக் கிரெய்கிபர்னில் இருந்தும் இந்த மழைக்குள் கார் ஓடி வந்திருக்கும் அன்பர்களே! மாலை வணக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தீர்களே, அது போதும்.

என் பெயர் அருந்தவன். மேற்கு மெல்பர்ன் தமிழ் உதைபந்தாட்டச் சங்கத்தின் உப தலைவர். உண்மையைச் சொல்கிறேன், நான் களைத்துப்போயிருக்கிறேன். இதே மண்டபத்தில், இதே ஒலிவாங்கியைப் பிடித்து, நான் எத்தனை பேரை வழியனுப்பிவிட்டேன்! ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே வசனம்: "அன்னார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்." நீங்களும் தலையாட்டுவீர்கள். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். பிறகு வீடு. தொடர்ந்தோமா? நாடகக் குழு தொடர்ந்ததா? வாசிகசாலை தொடர்ந்ததா? கேட்டால் எல்லோருக்கும் கோபம் வரும், ஆகையால் நான் கேட்கவில்லை.

இன்றைக்கு எனக்கு இரண்டு வேலை தந்திருக்கிறார்கள். ஒன்று, எங்கள் செயலாளர் அமரர் கேதீஸ்வரன் அண்ணையைப் பற்றிப் பேசுவது. மற்றது, பேச்சின் முடிவில் செயற்குழுவின் தீர்மானத்தை உங்களுக்கு அறிவிப்பது. அண்ணையின் மறைவுக்கு மரியாதை செலுத்தும் முகமாக, வரும் ஞாயிறு நடக்கவிருந்த இந்த ஆண்டின் கடைசி ஆட்டங்களை நிறுத்திவிடுவதாம். அதுதான் தீர்மானம்.

அண்ணை யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ட்ருகனினாக் கிரவுண்டில் ஞாயிறு காலையில் நீங்கள் வந்து இறங்கும்போது வலை கட்டியிருக்கும். மூலைக்கொடி நட்டிருக்கும். வெள்ளைக் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். யார் செய்தது என்று எவராவது யோசித்தீர்களா? நானும் யோசிக்கவில்லை. நகரசபைக் கவுன்சில்காரர் செய்கிறார்கள் என்று பல பேர் நினைத்திருந்தீர்கள். கேதீஸ்வரன் அண்ணை செய்தார்! கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, நனைந்த சப்பாத்தோடு, ஒருவரும் வராத நேரத்தில் செய்தார். பிந்தி வருகிறவர்களுக்கு ஏச்சும் விழும். அவருடைய வாய் லேசுப்பட்ட வாய் இல்லை. கோட்டுக்கு மேலே கதிரை போட்டு இருந்த ஒரு அன்ரியை அவர் எழுப்பிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அன்ரி இங்கேதான் இருக்கிறா, பெயர் சொல்ல மாட்டேன்.

சரி, அவருடைய சுவிஸ் கதைக்கு வருகிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்? இன்றைக்காவது கேளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பகுதியில், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், அவர் சுவிஸில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தார். அந்த நகரத்தின் பெயர் எனக்கு வாயில் வராது. ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினார். அங்கே சமைத்த மனிதர் இவரை ஒருநாள் உள்ளூர் அணியின் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது அந்த நாட்டின் இரண்டாம் பிரிவு லீக்கில் ஆடிய அணி. ஆடியது என்று சொல்வதைவிட, தோற்றது என்று சொல்லலாம். மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர் இவருடைய கையில் கோடு போடும் வண்டியைக் கொடுத்தார். பாஷை தெரியாத ஊரில் அண்ணைக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்த வண்டிதான்.

அந்த லீக்கில் அப்போது ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. இலையுதிர்காலம் முழுக்க ஆடுவார்கள். பனி விழுந்ததும் நிறுத்துவார்கள். மேலே வந்த நாலு அணிகள் முதலாம் பிரிவுக்கு ஏறுவதற்குப் போட்டியிடப் போய்விடும். மற்ற அணிகள், கீழே இறங்கிவிடாமல் இருக்க, பனி உருகிய பிறகு மறுபடியும் தங்களுக்குள் மோத வேண்டும். அதற்கு முன் எல்லோருடைய புள்ளிகளையும் பாதியாக வெட்டிவிடுவார்கள்! மேலே நிற்கிறவனுக்கும் பாதி, கீழே கிடக்கிறவனுக்கும் பாதி. ஆக, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரமும் பாதி. இதை அண்ணை சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கே விசா கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்த வழக்கத்தைத்தான் அவர் எங்கள் லீக்குக்கும் கொண்டுவந்தார். ஜூலை விடுமுறையோடு எல்லா அணிகளுக்கும் புள்ளி பாதி. எவ்வளவு சண்டை! அப்போது முதலிடத்தில் நின்ற டார்னெய்ட் அணியின் தலைவர் பிரஷாந்தன், இது பகல் கொள்ளை என்று கத்தி, அணியோடு விலகப் போகிறேன் என்று கதவுவரை போய்விட்டார். அண்ணை இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

"தம்பி, மேல நிக்கிறவன் பாதி போனாலும் மேலதான் நிப்பான். கீழ கிடக்கிறவன் அடுத்த ஞாயிறு வீட்டை விட்டு வெளிக்கிடோணும். அதுக்குத்தான் இது."

பிரஷாந்தன் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அந்தப் பாதிப் புள்ளியால்தான் கிரெய்கிபர்ன் அணி இன்னும் ஆடுகிறது. ஒவ்வொரு வருடமும் கடைசி. ஆனாலும் வருகிறார்கள். அதன் தலைவர் அனுஷன் நேற்றும் எனக்கு டெலிபோன் எடுத்து, ஞாயிறு ஆட்டம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எனக்கு முன் பேசிய எங்கள் தலைவர், அந்தச் சுவிஸ் அணி பனிக்குப் பிறகு வீறுகொண்டு எழுந்து வெற்றிவாகை சூடியது என்று முழங்கினார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த அணி எந்த வாகையும் சூடவில்லை. உங்களில் குறை இல்லை. அந்தக் கதையின் முடிவு இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அண்ணை அரைத்த மாவையே அரைக்கிறார் என்று, பனி உருகுகிற இடம் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஏதோ ஓர் அவசர வேலை வந்துவிடும். ஒருவர் காரை எடுக்கப் போவார். ஒருவர் பிள்ளையைத் தேடுவார். நான் தேத்தண்ணி ஊற்றப் போவேன். இவ்வளவு வருடத்தில் ஒருவர்கூடக் கடைசிவரை இருந்து கேட்டதில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். நெஞ்சு மிகவும் பலவீனமாகிவிட்டது, கதைக்கக் கஷ்டப்பட்டார். பனி உருகின பிறகு என்ன நடந்தது அண்ணை என்று கேட்டேன். வேறு என்னத்தைக் கேட்பது?

"தோத்துப் போனாங்கள்," என்றார். "கடைசி மட்சுக்கு முதலே, கீழ இறங்கிறது எண்டு முடிவாப் போச்சு."

பிறகு என்று கேட்டேன்.

"பிறகென்ன? கடைசி மட்ச் இருந்தது. சனம் வராது எண்டு தெரியும். விடிய எழும்பி நானும் அந்தக் கிழவனும் கோடு போட்டனாங்கள். அவ்வளவுதான் கதை."

இதை ஏன் ஒருநாளும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்கள் ஒருத்தரும் கேக்க இருக்கேல்லையேடாப்பா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நித்திரையாகிவிட்டார். மூன்றாம் நாள் அக்கா எனக்கு டெலிபோன் எடுத்தா.

அன்பர்களே! செயற்குழுவில் தலைவர் கேட்ட கேள்வி நியாயமானது. "யாருங்க இனிமே காலைல போய் கோடு போடுவாங்க? விட்டுடலாம்ங்க," என்றார். அவரும் களைத்துப்போன மனிதர். வேலை, வீட்டுக் கடன், சின்னப் பிள்ளைகள். நாங்கள் எல்லோரும் களைத்துப்போனவர்கள்தான். கோப்பை யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. ஞாயிறு ஆட்டத்தால் யாருக்கு என்ன லாபம்? டார்னெய்ட் வெல்லும், கிரெய்கிபர்ன் தோற்கும். இந்த மழையில் ஒரு சனமும் வராது. எல்லாம் சரி. ஆனால் ஒரு சீசனை முடிக்காமல் விட்ட சங்கத்துக்குக் கவுன்சில் அடுத்த வருடம் அந்தக் கிரவுண்டைத் தராது. எங்களுக்குப் பின்னால் எத்தனை சங்கங்கள் வரிசையில் நிற்கின்றன! ஞாயிறை விட்டால், லீக்கையே விட்டோம். விடுவதென்றால் விடுவோம். களைப்பு என்று சொல்லி விடுவோம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் கேதீஸ்வரன் அண்ணைக்கு மரியாதை என்று மட்டும் சொல்லாதீர்கள்! அந்த மனிதரின் பெயரிலா கோடு போடாமல் விடுவது?

ஆகையால் நான் அந்த அறிவிப்பைச் செய்யப்போவதில்லை. பணியைத் தொடர்வோம் என்றும் சொல்லப்போவதில்லை. அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. ஒரு நிமிட மௌன அஞ்சலி மட்டும் மிச்சம் இருக்கிறது. வழக்கமாக எல்லோரும் எழும்பி நிற்போம். இன்றைக்கு அப்படி வேண்டாம். ஞாயிறு விடிய ட்ருகனினாவுக்கு வந்து என்னோடு வலை கட்டவும் கோடு போடவும் முடிந்தவர்கள் மட்டும் எழும்புங்கள். மற்றவர்கள் இருந்தபடியே அஞ்சலி செலுத்தலாம், ஒருவரும் குறை நினைக்க மாட்டோம். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து எழும்ப வேண்டாம்.

அக்கா, நீங்கள் இருங்கோ. நீங்கள் ஏன் எழும்புகிறீர்கள்? நிரூபா, அம்மாவைப் பிடியுங்கள்... சரி, நீங்களும் நிற்கிறீர்களா. அனுஷன், கண்டேன். பிரஷாந்தன், நீங்கள் கதவுப் பக்கம் போகவில்லைத்தானே? இல்லை, நிற்கிறீர்கள். நல்லது. வேறு யார்? நான் அவசரப்படுத்தவில்லை.

எனக்குப் பின்னால், மேடையில், தலைவர் இருக்கும் பக்கம், ஒரு கதிரை அசைகிற சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. மௌனத்தைத் தொடங்குவோம்.