பெரியம்மாவுக்குப் பிரேக் பிடிச்ச கதை

ஒருத்தனை மிதிச்சா நாலு பேரு நிப்பாங்க. அவன் கண்ணு கலங்குனா நாலு பேரும் நிக்காம ஓடுவாங்க. அவன் யாரு? சொல்லுங்க சார், பாப்போம். கதவை இன்னொரு தடவை அடிச்சுச் சாத்துங்க, ஒரு தடவைக்கெல்லாம் மசியாது. ஆங், அவ்வளவுதான். என்னது, முதலாளியா? அட, நல்லாத்தான் இருக்கு. ஆனா முதலாளியை யாரு சார் மிதிக்கறது? தப்பு! மாஸ்டர் சிலிண்டர். பிரேக் மாஸ்டர் சிலிண்டர்! வண்டிகளைச் சோதனை பண்ணிச் சான்று குடுக்கறவரு, நீங்களே கோட்டை விட்டுட்டீங்களே. பரவால்ல, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. எங்க சின்னது கட்டுன விடுகதை இது. என் பொண்ணு. ஒன்பது வயசு. அவகிட்ட நானே தோத்துக்கிட்டுதான் இருக்கேன்.

கிளப்பட்டுமா? அந்த மஞ்சக் கோட்டைச் சுத்தி வரணும், நீங்க கையைத் தூக்குனா நிறுத்தணும். அதானே? சரி. பேசிக்கிட்டே ஓட்டறேன்னு பயப்படாதீங்க, பேசாம ஓட்டுனாத்தான் எனக்குத் தப்பு வரும். அதுவும் இன்னிக்கு என்னமோ வாய்க்குப் பிரேக்கே இல்ல. வண்டிக்கு இருக்கு சார், வண்டிக்கு இருக்கு!

இதுக்குப் பேரு பெரியம்மா. ஆமா, வண்டிக்குத்தான். அதுவும் சின்னது வெச்ச பேருதான். அம்மாவை விட வயசுல மூத்தவங்க பெரியம்மாதானேன்னா. நியாயம்தானே? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இது ரோட்டுல ஓடிக்கிட்டிருந்துச்சு. ஹாரன்கூட வீட்டுக்கு வந்த பெரியம்மா அதட்டற மாதிரியேதான் இருக்கும். அடிச்சுக் காட்டட்டுமா? வேணாமா? சரி சரி.

எனக்குச் சலவைக் கடை. ஹோட்டல், ஆஸ்பத்திரின்னு போயி அழுக்கு விரிப்பை மூட்டை கட்டி ஏத்திக்கிட்டு வரணும், வெளுத்து, தேய்ச்சு, திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கணும். பெரியம்மா படுத்தா நானும் படுக்க வேண்டியதுதான். போன மாசம் ஒருநாள் சிக்னல்ல நிக்கறேன். பிரேக் மேல கால் வெச்சிருக்கேன். கால் பாட்டுக்கு இறங்குது சார்! லிஃப்ட்ல போற மாதிரி, மெல்ல மெல்ல. நான் அழுத்தல, ஒண்ணும் பண்ணல, பெடல் தானா தரைக்குப் போகுது. பெரியம்மா முன்னாடி நிக்கற பால் வண்டிக்கு முத்தம் குடுக்க நகர்றா. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு. பின்னாடி மூட்டை மேல உக்காந்திருந்த சின்னது, அம்மா இன்னொரு தடவைங்கறா.

ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சே ஊர்ந்து வீட்டுக்கு வந்து பாத்தா, சிலிண்டர் மேல இருக்கற டப்பாவுல பிரேக் ஆயில் பாதிக்கும் கீழ. நாலு சக்கரத்தையும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன், எங்கயும் ஈரம் இல்ல. எங்கதான் போச்சு, பெரியம்மாவே குடிச்சுட்டாளான்னு நிக்கறேன். சின்னது பானட்டுக்குள்ள தலையை விட்டு, அம்மா இங்க பெயிண்டுக்கு அம்மை போட்டிருக்குன்னா. பாத்தா, சிலிண்டரோட பின்பக்கம், அது பெடல் பக்கம் பூஸ்டர்ல சேர்ற இடத்துல, கறுப்புப் பெயிண்டு கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு. விரலை வெச்சா வழுக்குது. அங்கதான் கசிவு. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுடுமாமே, உங்களுக்குத் தெரியாததா. எனக்கு இப்பத்தான் தெரியும்.

முன்பக்கத் தகட்டுல ஒரு வாத்து இருக்கே, பாத்தீங்களா? சின்னதோட அப்பா வரைஞ்சது. அவரு போர்டு எழுதறவரு. நான் ஆயிலை ஊத்தறப்போ சிந்தி, அந்த வாத்தோட ஒரு காலையும் அது தின்னுடுச்சு. சின்னது ஒரு சாயங்காலம் பூரா என்கூடப் பேசல.

அவரு எங்ககூட இல்ல சார். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போடணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருக்கணுமே! நான் பகல்ல ஓடறேன், அவரு ராத்திரி ஏணி மேல நிக்கறாரு. ஒருநாள், நாம தனித்தனியாவே இருந்துக்கலாமான்னு அவரு கேட்டாரு, நானும் சரின்னுட்டேன். பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் எடுத்துட்டாரு. சின்னது யார்கூட இருக்கறதுன்னு மட்டும் எங்களுக்குப் பிடிபடல. அவளையே கேட்டுடலாம், அவ என்ன சொல்றாளோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும்னு பேசிக்கிட்டோம். அவளும் பெரிய மனுஷி மாதிரி, யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்றேன்னுட்டா.

இப்பப் புரியுதா, நான் ஏன் மெக்கானிக்கிட்ட விடலேன்னு? மெக்கானிக்கு, விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கறேன்னாரு. நான் மாட்டேன்னேன். நானே பிரிக்கறேன், நானே மாட்டறேன், என் பொண்ணு பக்கத்துல நின்னு பாக்கட்டும். பிரேக்கையே அம்மா போட்டுட்டா, அப்புறம் அம்மாவால முடியாததுன்னு உலகத்துல என்ன இருக்கு? அதைப் பாத்ததுக்கு அப்புறமும் வேற யாரையாவது சொல்லுவாளா? அப்படி ஒரு கணக்கு போட்டேன்.

திரும்பவா? இந்தப் பக்கம்? சரி.

கழட்டுனோம். சிலிண்டர் வாயில ஒரு வளையம் இருக்குமே, அதை எடுத்ததுதான் தாமதம், உள்ள இருந்த ஸ்பிரிங் ஒரே துள்ளு. பிஸ்டன் மேசையைத் தாண்டிக் குதிச்சு, ஹோட்டல்ல இருந்து வந்த தலையணை உறைக் குவியலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு! நானும் அவளும் ஒவ்வொரு உறையா உதறறோம். ஒண்ணுல ஒத்தைக் கம்மல் கிடைக்குது, ஒண்ணுல யாரோட பல்செட்டோ கிடைக்குது. பிஸ்டனைக் காணோம். கடைசியில அது சின்னதோட பாவாடை மடிப்புல உக்காந்திருக்கு.

சிலிண்டருக்குள்ள விரலை விட்டு நகத்தால தடவிப் பாத்தேன். கீறல் இருந்தா மொத்தமா மாத்தணுமாமே. இல்ல, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரப்பர்தான் ஓரம் தேஞ்சு போயிருந்துச்சு. கடைக்கு ஓடிப் புது ரப்பர் செட் வாங்கிட்டு வந்தேன். இங்கதான் தொழில் புத்தி வேலையைக் காட்டிடுச்சு. புது ரப்பர் மேல மை மாதிரி என்னமோ ஒட்டியிருக்கு. சலவைக்காரி கறையைக் கண்டா விடுவாளா? கடையில கறை எடுக்கற ஸ்பிரிட் இருக்குமே, அதுல நல்லா ஊறப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தா எல்லா ரப்பரும் உப்பிப் போச்சு! சிலிண்டருக்குள்ள போகவே மாட்டேங்குது. சின்னது ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, அம்மா இதுக்குப் பொன்னுக்கு வீங்கிங்கறா.

மறுபடியும் கடை. அந்தக் கடைக்காரர் ரப்பரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. எதுல கழுவுனீங்கம்மான்னாரு. சொன்னேன். மேசை மேல தலையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு சார், மனுஷனுக்கு மூச்சு வாங்குது. பிரேக் ரப்பரை பிரேக் ஆயில்லதாம்மா கழுவணும், இது என்ன மாப்பிள்ளை வேட்டியான்னாரு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சின்னதும் சேந்துக்கிச்சு. அங்க நின்ன ஆளுங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

அப்புறம் புது ரப்பரை மாட்டி, ஆயில் குழாய்க்குள்ள புகுந்த காத்தை எடுக்கணுமே. சின்னதுக்கு அது ஏன்னு புரியல. ரெண்டு ஊசிக் குழாயை எடுத்து, ஒரு ட்யூபால சேத்து, தண்ணியை நிரப்பிக் குடுத்தேன். இதை அமுக்குனா அது எழும்புது. அப்புறம் கொஞ்சம் காத்தை விட்டுக் குடுத்தேன். அமுக்கறா, காத்துதான் அமுங்குது, அந்தப் பக்கம் அசையவே இல்ல. ஓஹோ, காத்து சோம்பேறியான்னா. அதேதான் சார்! இத்தனை வருஷம் வண்டி ஓட்டறேன், எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்ல.

காத்தை எடுக்க ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் பெடல்ல, ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட. சின்னதுக்குக் கால் எட்டாது. என்ன பண்ணா தெரியுமா, சீட்டுக்குக் கீழ மல்லாக்கப் படுத்து, முதுகுக்கு ஒரு தலையணையைக் குடுத்து, ரெண்டு காலாலயும் பெடலை உதைக்கறா! பெடல் ஒரேயடியாத் தரைக்குப் போகக் கூடாதுன்னு அடியில பலகைத் துண்டு வெச்சிருந்தேன். நான் கீழ சக்கரத்துக்கிட்டப் படுத்துக்கிட்டு, மிதிங்கறேன். மிதிச்சாச்சுங்கறா. பிடிச்சுக்கோங்கறேன். பிடிச்சாச்சுங்கறா. நான் திருகைத் தளத்துவேன், ட்யூப் வழியா பாட்டில்ல குமிழி குமிழியா வரும், இறுக்குவேன், விடுங்கறேன். நான் விடச் சொல்றதுக்கு முன்னாடி விட்டுட்டா காத்து மறுபடியும் உள்ள போயிடும். ஒரு தடவைகூட விடல சார். பெரிய ஆளுங்களே தடுமாறுவாங்க. தும்மல் வந்துச்சு, தும்மலைக்கூட அடக்கிக்கிட்டுப் பிடிச்சா.

அப்படியே படுத்துக்கிட்டே கேக்கறா. அம்மா, மிதிக்க நான் இல்லேன்னா நீ என்ன பண்ணுவேன்னு. ஒருத்தரே செய்யற மாதிரி வால்வு வெச்ச ட்யூப் கடையில விக்குது, அதை மாட்டிக்கிட்டா நான் ஒத்தை ஆளாவே செஞ்சுடுவேனேன்னேன். பெருமை சார், பெருமை! அப்பான்னா என்ன பண்ணுவாருன்னா. உங்கப்பாவா, அவரை பல்பு மாத்தச் சொன்னா பல்புல பூ வரைஞ்சு வெச்சுட்டு வருவாருன்னேன். ரெண்டு பேரும் வண்டிக்கு அடியிலயும் உள்ளயுமாப் படுத்துக்கிட்டு அப்படிச் சிரிச்சோம்.

ஞாயித்துக்கிழமை அவரு வந்தாரு. வாத்துக்குக் கால் வரைய பெயிண்டு டப்பாவோட. முதல்ல வண்டியில ஏறுங்கன்னு ஏத்தி, தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டுப் போயி ஒரு மிதி! அவரு தொப்பி கழண்டு கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. சின்னது குதிக்கறா, கையைத் தட்டறா. பாத்தியாப்பா, அம்மாவுக்கு எல்லாமே தெரியும்ங்கறா. எனக்குத் தலைகால் புரியல. என் பொண்ணு, அவர் முன்னாடி, அவ வாயால சொல்றா!

கையைத் தூக்கிட்டீங்களா? இந்தாங்க!

நின்னுச்சா? எப்படி? ஒரு பக்கமா இழுக்குதா? இழுக்காது. இருங்க, காலை எடுக்க மாட்டேன், அப்படியே அமுக்கிக்கிட்டிருக்கேன், நீங்களே குனிஞ்சு பாருங்க. இறங்குதா? கல்லு மாதிரி நிக்குது பாத்தீங்களா. தேறிட்டாளா? நிஜமாவா? பெரியம்மா, தேறிட்டடி! இப்பவாவது ஹாரன் அடிச்சுக்கறேன் சார், ஒரே ஒரு தடவை. கேட்டீங்களா, எப்படி அதட்டறா!

எது, சீட்டுக்குப் பக்கத்துல கிடக்கற தலையணையா? அது சின்னதோடது. முதுகுக்கு வெச்சுக்கிட்டாளே, அதான். இங்க இருக்கக் கூடாதுன்னா எடுத்துப் பின்னாடி போட்டுடறேன். இல்ல சார், இன்னிக்கு அவ வரல. அந்த ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டா. வாத்துக்குக் கால் காயறதுக்குள்ள, எங்க ரெண்டு பேரையும் பெரியம்மா முன்னாடி நிக்க வெச்சு. அம்மாவுக்கு எல்லாமே செய்யத் தெரியுது, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல, அதனால நான் அப்பாகூட இருக்கறேன்னா.