கன்னிமார் மூலை

— வசந்தாமணியக்கா, குடத்தைக் கீழ வெச்சிருங்க. இன்னைக்கு ஏரித் தண்ணி மொள்ள வேண்டாம்.

— ஏஞ்சாமி கிருத்திகா, அடுப்புக் கூட்டுற நேரத்துல வந்து இப்படிச் சொல்றே? கன்னிமார் பொங்கல்னா ஏரித் தண்ணியிலதான் வெக்கோணும். தண்ணி நாறுதுன்னு மூணு வருசமா நிறுத்தியிருந்தோம். உன்ற மிசின் படகு நல்லாருக்குதுன்னு சொன்னதாலதான ஊரே வந்திருக்குது?

— அதுதாங்கக்கா. படகு சொன்னது தப்பு.

— ஆளில்லாம தானா ஓடும், அங்கங்க நின்னு தண்ணியச் சோதிக்கும், செல்லுக்குச் சேதி அனுப்பும்னு நீதான சொன்னே? மிசினு பொய் சொல்லுமா?

— மிசினு பொய் சொல்லலைங்க. நான் காட்டற வழியிலதான் அது போகும். இந்தக் கன்னிமார் மூலையை மட்டும் நான் காட்டலை. சாமிக்கு எதுக்க மிசினு ஓட்டக்கூடாது, ஊர் வழக்கம்னு நீங்க சொன்னீங்களே.

— ம்... சொன்னேன்.

— சரி, அந்த மூலையைப் பாக்கலைன்னாவது நான் சொல்லியிருக்கோணும். உங்களுக்குக் காட்டுன ஏரிப் படத்துல அங்க மட்டும் வெள்ளையா இருந்தா நல்லாருக்காதுன்னு, நல்ல தண்ணின்னு சுத்தியும் பூசியிருந்த பச்சையையே அங்கயும் பூசிட்டேன். ஏரி பூராவும் சுத்தம்னு உங்க முன்னாடி வந்து நின்னு சொன்னேன். நீங்கெல்லாம் கை தட்டுனீங்க.

— சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சுட்டே. உடு கண்ணு.

— தெரிஞ்சேதாங்க செஞ்சேன். போன வாரம், இந்த மூலையில தண்ணி குடிக்கற கருப்பண்ணன் மாடு ரெண்டும் கழிஞ்சு கெடந்துதுல்ல? "ஏரிதான் சுத்தமா இருக்குதே, தீவனந்தான் கெட்டுப் போச்சாட்டம்"னு எங்கிட்டயே வந்து சொல்றாரு. நான் தலையாட்டிக்கிட்டு நின்னேன். அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலைங்கக்கா.

— அதுக்கும் இதுக்கும் என்ன சாமி?

— மனசு கேக்காம, இன்னைக்குக் காலைல ஒரு பாட்டிலைக் கயித்துல கட்டி இங்க வீசி எடுத்துப் பாத்தேன். மீனு மூச்சு உடக்கூடக் காத்தில்லைங்க அந்தத் தண்ணியில. அந்த ஆகாயத்தாமரைக்கு அடியில குழாய் கெடக்குது. ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரியில மரவள்ளி கழுவுற தண்ணி அப்படியே இங்கதான் வருது. பெஞ்ச மழையில நாத்தம் அடங்கிக் கெடக்குது, அவ்வளவுதான்.

— மெதுவாப் பேசு. அடுப்பாண்ட எல்லாரும் இருக்கறாங்க.

— மெதுவா என்னங்க, மைக்குலயே சொல்லப் போறேன். பச்சப் புள்ளைங்க திங்கற பொங்கலுங்க.

— சொன்னா உன்னைய உட்டுருவாங்களா? இந்த ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் வாயி நீளம். நீ வேலை பாக்கற காலேஜுக்கே ஏறி வந்து நிப்பாங்க. உன்ற வேலை போயிரும்.

— போகட்டுங்க. ஓமலூர்ல அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன். செஞ்சது நானு, பழியும் எனக்குத்தான்.

— வேண்டாஞ்சாமி. கலியாணம் காச்சி ஆகோணும் உனக்கு.

— கைய உடுங்கக்கா, அங்க மொள்ளப் போறாங்க. ஏனுங்க, உங்க பானையில ஏற்கெனவே தண்ணி இருக்குதே?

— அது ஊட்டுல இருந்து கொண்டாந்தது. போர் தண்ணி.

— ஏரித் தண்ணியிலதான் வெக்கோணும்னு இப்பத்தான சொன்னீங்க?

— என்ற பேரன் திம்பான் சாமி.

— அப்ப இந்தக் குடம் ஊராருக்குக் காட்டவா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்கக்கா?

— மைக்கை எங்கிட்டக் குடு. எல்லாத்தையும் உன்ற தலையில தூக்கிப் போட்டுக்காத. என்ற பையன் சபரிநாதன் அந்தப் பேக்டரியிலதான் மேஸ்திரி. "படகு இந்த மூலைக்கு வந்தா என்ற பொழப்புப் போச்சும்மா, என்னத்தையாவது சொல்லித் தடுத்துரு"ன்னு அழுதான். கன்னிமாருக்கு எதுக்க மிசினு ஓட்டக்கூடாதுன்னு இந்த ஊர்ல ஒரு வழக்கமும் கிடையாது கண்ணு.