மேலே கட்டிய ஈர வலை

எண்ணூர்ப் பேருந்தில் முன் இருக்கைக் கணவன் மனைவி பேசியதிலிருந்து எனக்குப் புரிந்தவை:

1. நேற்று ஒரு கன்டெய்னர் லாரியிலிருந்து மரக்கட்டை சாலையில் விழுந்தது.
2. பின்னால் காரில் வந்த கணவர் சட்டென்று இடப்பக்கம் ஒடித்துத் தப்பினார்.
3. திரும்ப வலப்பக்கம் ஒடித்தபோது ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கார் கவிழவில்லை.
4. மேலே கேரியரில் ஈர வலை மூட்டை. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும்.

“யோவ், இனிமே வலைய உள்ள வை. இல்லாங்காட்டி என்னைத் தூக்கி மேல கட்டு,” என்றாள் மனைவி.

“கட்டை மேல ஏத்தாம காப்பாத்துனேனே, அத்த சொல்ல மாட்டியா?”

“காப்பாத்துன, யாரு இல்லன்னு சொன்னா? அப்பால ரெண்டு சக்கரத்துல நின்னியே, அதுக்கு மாலை போடணுமா?”

“உள்ள வச்சா சீட்டெல்லாம் கவுச்சி நாறுமே.”

“நாறட்டும். மேல அவ்ளோ கனம் கீது, ஒடிச்சா சாயாம இன்னா பண்ணும்?”

அவர் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டினார்.

“சரி, உள்ளயே வெக்கிறேன். இப்ப வண்டில வருவியா?”

“மொதல்ல கேரியரக் கழட்டு. அப்பால கேளு.”

கார் காலடிப்பேட்டையில் வீட்டு வாசலில் நிற்கிறதாம். இப்போதைக்கு மூவரும் பேருந்தில் போகிறார்கள்.