ஒரு கிளாஸ் மட்டும் நிறைய

சின்னவள்: …அக்கா, கொஞ்சம் இங்க பாருங்களேன். இந்தத் தட்டுல ஒரு கிளாஸ் மட்டும் நிறைய இருக்கு.

பெரியவள்: எங்க?

சின்னவள்: இதோ. திராட்சரசம் விளிம்பு வரைக்கும் அப்படியே நிக்குது. வாயே வைக்கல.

பெரியவள்: யாராவது மறந்திருப்பாங்க. இப்படிக் கொடு, தொட்டியில ஊத்திடுறேன்.

சின்னவள்: ஐயோ, ஊத்தாதீங்க! திருவிருந்துல மிஞ்சினதைக் குடிச்சுத்தான் தீர்க்கணும்னு போதகர் சொல்லியிருக்காரே.

பெரியவள்: தெரியும்மா. நீ நம்ம வீட்டுக்குச் சின்ன மருமகளா வர்றதுக்கு முன்னாடியே நான் இந்தச் சபை சமையலறையில கிளாஸ் கழுவினவ. எனக்கே பாடம் எடுக்காத.

சின்னவள்: பாடமா… உங்களுக்கா… சரி, ஜன்னல் ஓரமா வைக்கிறேன்.

பெரியவள்: வச்சுட்டுத் துணியை எடு. நான் கழுவுறேன், நீ துடை. பேச்சு வேண்டாம்.

சின்னவள்: ம்… இல்லக்கா, ஒரே ஒரு விஷயம்…

பெரியவள்: ஆரம்பிச்சுட்டியா!

சின்னவள்: மத்த கிளாஸ் எல்லாம் பாருங்க. ஒண்ணுலயும் ஒரு சொட்டு இல்ல. வழிச்சு நக்கின மாதிரி காய்ஞ்சு கிடக்கு.

பெரியவள்: ஏன் காயாது? நீ சுட்ட அப்பம் அப்படி! உப்பு மூட்டையையே கவுத்துட்டியோ என்னமோ. சபை மொத்தமும் நாக்கை வெளிய தொங்கப் போடாத குறைதான்.

சின்னவள்: …ஆமாக்கா.

பெரியவள்: நம்ம மாமியார் மூஞ்சியைப் பாத்தியா? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அப்படி ஒரு ஜெபம். ஜெபமா அது? விழுங்க முடியாம நின்னாங்க!

சின்னவள்: சிரிக்காதீங்கக்கா.

பெரியவள்: யாரு சிரிச்சா? இருமுனேன்.

சின்னவள்: பாவம், திருவிருந்துல மூஞ்சியைக்கூடச் சுளிக்க முடியாதில்ல. பாட்டு வாத்தியாருக்குக் கண்ணுல தண்ணியா ஓடுது. பக்கத்துல இருந்தவரு, ஏதோ மனசு உடைஞ்சு அழுறாருன்னு முதுகைத் தடவிக் கொடுக்கிறாரு.

பெரியவள்: நீயே சிரிக்க வச்சுட்டு என்னைச் சிரிக்காதங்கிற.

போதகர்: அம்மா… உள்ள வரலாமா? கொஞ்சம் தண்ணி…

பெரியவள்: வாங்கய்யா. இந்தாங்க. மறுபடியுமா?

போதகர்: என்ன பண்றது! ஏம்மா சின்ன மருமகளே, போன வாரம் உப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணேன், வாஸ்தவம்தான். அதுக்காக எனக்கே பரீட்சை வைக்கிறதா?

சின்னவள்: மன்னிச்சுக்கங்கய்யா. என் கை தவறிடுச்சு.

போதகர்: பரவாயில்ல, பரவாயில்ல. நாம இங்க ருசிக்காகவா வர்றோம்? ஒரே அப்பத்தை உடைச்சு எல்லாரும் எடுக்கிறோம். அதுக்கப்புறம் நீ வேற நான் வேற இல்ல, எல்லாரும் ஒரே உடம்பு. அதுக்குத்தானே இது… இன்னொரு டம்ளர் கிடைக்குமா?

பெரியவள்: இந்தாங்க.

போதகர்: அப்பாடா. என் வீட்டம்மாதான் சொல்றாங்க, அடுத்த மாசம் அப்பத்தை யாரு சுடுறதுன்னு மறுபடி யோசிக்கணுமாம். அதை அப்புறம் பேசிக்கலாம். வரேன்மா.

பெரியவள்: போயிட்டு வாங்கய்யா. …ஏய், என்ன அப்படிப் பாக்குற?

சின்னவள்: ஒண்ணுமில்ல. இப்பச் சந்தோஷமா உங்களுக்கு?

பெரியவள்: எனக்கென்ன சந்தோஷம்? எனக்கெதுக்கு இனிமே அந்த வேலை? நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து சுட்டேன். ஒருத்தர் ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. நீ ஒரே ஒரு தடவை சுட்ட, அவ்வளவுதான், எல்லாரும் உருகிட்டாங்க. ‘சின்னவ கைமணமே தனி! வாயில வச்சதும் கரையுது!’

சின்னவள்: அது அத்தை சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது…

பெரியவள்: சும்மாவா? அப்பம் சுடுறதுக்குன்னே நான் பாத்துப் பாத்து ஒரு தட்டு வாங்கி வச்சிருந்தேன். என் அலமாரியைத் திறந்து அவங்க கையாலயே எடுத்து உன்கிட்ட கொடுத்தாங்க. நான் அங்கயே மரம் மாதிரி நிக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

சின்னவள்: நானும் கேக்கலதான். தப்புதான்கா.

பெரியவள்: அத்தையை விடு. என் வீட்டுக்காரர்! கட்டின புருஷன்! அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில சொல்றாரு, ‘இன்னொரு துண்டு கொடுத்தா நல்லா இருந்திருக்கும்’னு. திருவிருந்துல ரெண்டாவது துண்டு கேக்குற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா நீ?

சின்னவள்: மாமாவா அப்படிச் சொன்னாரு?

பெரியவள்: வாயைத் துணியால மூடிக்கிட்டுச் சிரிக்காத, தெரியுது. கரையுதாம், கரையுது! அப்பம்னா கொஞ்சம் மெல்லணும். ஆண்டவரை நினைக்கிறதுக்குத்தானே சாப்பிடுறோம்? மென்னாத்தானே நினைப்பு வரும்? வச்சதும் கரைஞ்சு போனா எதை நினைக்கிறது? உன் கைமணத்தையா?

சின்னவள்: அக்கா, இதைப் பிரசங்கமாவே வைக்கலாம்.

பெரியவள்: கிண்டலா?

சின்னவள்: இல்லக்கா, சத்தியமா. நல்லா இருக்கு… அக்கா, அந்தக் கிளாஸ்…

பெரியவள்: அதை விடவே மாட்டியா?

சின்னவள்: யோசிச்சுப் பாருங்களேன். அப்பத்தை வாயில வச்சவங்க எல்லாரும் ரசத்தை ஒரே மூச்சுல உறிஞ்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் குடிக்கலைன்னா… அவங்க அப்பத்தையே சாப்பிடலைன்னுதானே அர்த்தம்?

பெரியவள்: நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ.

சின்னவள்: அது உப்புன்னு சாப்பிடுறதுக்கு முன்னாடியே யாருக்குத் தெரியும்? சுட்ட எனக்குத் தெரியும். அப்புறம்…

பெரியவள்: துணியைப் பிழி. தரையெல்லாம் தண்ணி.

சின்னவள்: அந்தக் கிளாஸ் இருந்தது இந்தப் பிடி ஆடுற தட்டுல. நம்ம வரிசைக்கு வந்ததும் இதுதான். நான்தான் வாங்கிப் பக்கத்துல கொடுத்தேன்.

பெரியவள்: அதனால?

சின்னவள்: அதனால ஒண்ணுமில்ல… அந்தக் கடைசி ராத்திரி ஆண்டவர் அப்பத்தை உடைச்சுக் கொடுத்தாரில்ல, காட்டிக்கொடுக்கப் போறவனும் அதே பந்தியிலதான் இருந்தான். அவனுக்கும் கொடுத்தாரு. தெரிஞ்சே கொடுத்தாரு. ஆராதனை முழுக்க அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பெரியவள்: யாரைச் சொல்ற? ஏய், யாரைச் சொல்ற நீ?

சின்னவள்: யாரையும் சொல்லலக்கா.

பெரியவள்: சுத்தி வளைக்காத. கேக்கணும்னா நேரா கேளு.

சின்னவள்: சரி, கேக்குறேன். நேத்து சாயந்தரம் உங்களுக்குப் போன் பண்ணேன். நாளைக்கு ரெண்டு ஆராதனையையும் ஒண்ணா வைக்கிறாங்க, மாவு அதிகம், உப்பு எவ்வளவு போடணும்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?

பெரியவள்: …மூணு ஸ்பூன்.

சின்னவள்: பெரிய ஸ்பூனான்னு கேட்டேன்.

பெரியவள்: ஆமான்னேன்.

சின்னவள்: நிஜமா எவ்வளவு போடணும்?

பெரியவள்: அரை ஸ்பூன். போதுமா? கையும் களவுமா பிடிச்சுட்டல்ல? பொறாமைதான்டி! போன்ல உன் குரலைக் கேட்டதும் வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. என் வேலையைப் பிடுங்கிக்கிட்டு, அதை எப்படிச் செய்யறதுன்னு என்கிட்டயே கேக்குறாளேன்னு… வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னதுமே பக்குனு இருந்துச்சு. திரும்பக் கூப்பிட்டு மாத்திச் சொல்லிடலாம்னு போனைக் கையில எடுத்தேன். அந்த நேரம் பாத்து அத்தை வந்து நிக்கிறாங்க. ‘சின்னவ பிசைய ஆரம்பிச்சிருப்பா, நாளைக்கு அப்பம் பூ மாதிரி இருக்கும் பாரு’ங்கிறாங்க. போனை அப்படியே வச்சுட்டேன்.

சின்னவள்: அதான் குடிக்கலையா?

பெரியவள்: எப்படிக் குடிக்கச் சொல்ற? கூடப் பிறந்தவங்க, கூட இருக்கிறவங்க மேல கசப்பு இருந்தா முதல்ல போய் அதைச் சரிபண்ணிட்டு வாங்கன்னு போதகர் சொல்றப்ப, என்னையே பாத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சு. கிளாஸை எடுத்தேன். வாய்கிட்ட கொண்டு போனேன். முடியல. திருப்பி வச்சுட்டேன்.

சின்னவள்: அப்பம்?

பெரியவள்: கைக்குட்டையில சுத்தி இடுப்புல செருகியிருக்கேன். அது உள்ள இருந்து குத்துற மாதிரியே இருக்கு… ஆனா உன் மேல எனக்குக் கோபம் போகல, தெரிஞ்சுக்க.

சின்னவள்: இப்ப என்ன?

பெரியவள்: போதகர்கிட்ட ‘என் கை தவறிடுச்சு’ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னியே. ‘பெரியவதான் சொன்னா’ன்னு என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? இதுலயும் நல்லவங்கிற பேரு உனக்குத்தான் வரணுமா?

சின்னவள்: அக்கா! அதுக்குமா பொறாமை?

பெரியவள்: அதுக்குந்தான்.

சின்னவள்: எனக்கும் இருக்குக்கா.

பெரியவள்: உனக்கென்ன கேடு? உனக்கு யார் மேல?

சின்னவள்: பாட்டுக் குழுவுல இருக்காங்களே, அந்த டீச்சரம்மா மேல.

பெரியவள்: அவ மேலயா? அவளுக்கும் உனக்கும் என்ன?

சின்னவள்: முன்னாடியெல்லாம் சனிக்கிழமைன்னா உங்க சமையக்கட்டுல உக்காந்து நான் பிசைவேன், நீங்க தேய்ப்பீங்க. அத்தையைப் பத்தி ஒரு மூச்சு பேசுவோம்…

பெரியவள்: ஒரு மூச்சா?

சின்னவள்: சரி, மூச்சு விடாமப் பேசுவோம். இப்ப நான் தனியா நின்னு பிசையுறேன். மாவுகிட்டயா பேசுறது? நீங்க அந்த டீச்சரம்மாவோட வாசல்ல நின்னு விழுந்து விழுந்து சிரிக்கிறீங்க. நான் வந்ததும் டக்குனு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்க. அப்ப வரும் பாருங்க எனக்கு… அந்தம்மா முடியைப் பிடிச்சு ஆய்ஞ்சிடலாம் போல!

பெரியவள்: அடிப்பாவி.

சின்னவள்: போதகரம்மாகிட்டப் போய்ச் சொன்னேன், எனக்கு இந்த வேலை வேண்டாம், அக்காவே சுடட்டும்னு. உன் கைமணத்தை விடுறதாவதுன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. மறுபடியும் போனேன். அதே பதில்தான்.

பெரியவள்: நீ போய்ச் சொன்னியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?

சின்னவள்: நீங்க என்கிட்டப் பேசினாத்தானே சொல்றதுக்கு? குழாயை மூடுங்கக்கா. தண்ணி சும்மா போகுது.

பெரியவள்: …அந்தக் கிளாஸை எடு.

சின்னவள்: ஊத்திடப் போறீங்களா?

பெரியவள்: கொண்டா இப்படி. இந்தா, கைக்குட்டையை அவிழ்க்கிறேன்… ஒரு துண்டுதான் இருக்கு. பாதி நீ எடு.

சின்னவள்: நான்தான் ஏற்கெனவே எடுத்துட்டேனே.

பெரியவள்: என் வீட்டுக்காரருக்குக் கிடைக்காத ரெண்டாவது துண்டு உனக்குக் கிடைக்கட்டும். பிடி. தனியா இது எனக்குத் தொண்டையில இறங்காது.

சின்னவள்: கொடுங்க.

பெரியவள்: …ம்… அம்மாடி! கிளாஸ்! அந்தக் கிளாஸைக் கொடு!

சின்னவள்: எனக்கும் வைங்கக்கா, முழுசா குடிச்சிடாதீங்க!

பெரியவள்: இந்தா, மிச்சம்… ஏய், இரு. மூணு ஸ்பூன் போட்டா இவ்வளவு கரிக்காது. இந்த மாவுலயே கை ஊறினவ நான். என் நாக்கை ஏமாத்த முடியாது. நீ மாவைத் தொட்டு வாயில வச்சுப் பாக்கலையா?

சின்னவள்: ஜலதோஷம்கா… ருசியே தெரியல.

பெரியவள்: மூக்கு நல்லாத்தானே இருக்கு? ஏன் தலையைக் குனியுற? இங்க பாரு. என் பக்கத்துலயே உக்காந்து பிசைஞ்சவ நீ. அரை ஸ்பூன்தான்னு உனக்குத் தெரியாதா? எத்தனை போட்ட?

சின்னவள்: தெரியும்கா. உங்க குரலைக் கேக்கலாம்னுதான் போன் பண்ணேன்… நீங்க மூணுன்னு சொன்னீங்க. போதகரம்மா மனசு மாறுறதுக்கு அது பத்தாதோன்னு, நாலாவதை நானாத்தான் போட்டேன்.