படத்துக்கு வேண்டிய இருட்டு

புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நிழலை. வீட்டுக்குள் கோல்ஃப் ஆடுவது என்றால், எதிரே தொங்கும் தடித்த திரையில் புல்வெளி தெரியும். அதை நோக்கிப் பந்தை அடிப்பார்கள். பந்து போன வேகத்தையும் திசையையும் தரையில் இருக்கும் ஒரு சிறு கருவி கணக்கிடும். புரொஜெக்டர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆடுகிறவரின் நிழல் திரையில் விழும். ஆகவே தலைக்கு மேலே, சற்று முன்னால், கூரையில் மாட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. என் மனைவிக்காகச் செய்ததில் எதையும் நான் அரைகுறையாகச் செய்ததில்லை.

தினமும் விடியற்காலையில் அவள் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட மூன்று பெண்கள். எட்டு மணிக்குத் திரும்பும்போது அங்கே சிரித்த சிரிப்பின் மிச்சம் அவள் முகத்தில் இருக்கும். எனக்குக் காப்பி கொடுப்பதற்குள் அது வடிந்துவிடும். அதைப் பற்றி நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும்.

கீழ்த்தளத்தில், குளியலறையோடு சேர்ந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் வந்து அளந்து பார்த்தார்.

“ஜன்னல் இருக்கே சார். கொஞ்சம் வெளிச்சம் கூடின மாடலா வாங்கிட்டீங்கன்னா படமும் தெரியும், காத்தும் வரும்.”

“வெளிச்சம் கம்மியானதே போதும். ஜன்னலை அடைச்சிடலாம்.”

“மூக்கு சின்னதா இருக்குன்னு மூச்சை நிறுத்தின கதையா இருக்கே,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஜன்னலை அடைத்தோம். படம் மங்கக் கூடாது என்று கூரை விளக்குகளையும் கழற்றச் சொன்னேன். அவரே ஏணி போட்டுக் கழற்றினார். சுவர் முழுக்க ஒலியை உறிஞ்சும் பஞ்சு. பந்துச் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதல்லவா.

முதல் நாள் அவள் உள்ளே வந்து நாற்புறமும் பார்த்தாள்.

“என்னங்க இது, கிணத்துத் தவளைக்கு மட்டை வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கு?”

“பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு பிடிச்சிருக்கு. மழைக்காலத்துல உதவும்.”

மழைக்காலத்தில். அந்தச் சொல்லை இரண்டு நாள் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு தானாகத் திறந்து வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்ததால் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். ஒரு திங்கட்கிழமை அவள் ஆடிக்கொண்டிருந்தபோது அதைப் போட்டுவிட்டு அலுவலகம் போய்விட்டேன். மாலையில் திறந்தபோது விரிப்பில் உட்கார்ந்திருந்தாள்.

“மறந்துட்டீங்களா?”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழியைத் தானே திறந்து கொடுத்தாள். “ஆமா, மறந்துட்டேன்,” என்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது: அன்று முழுவதும் அலுவலகத்தில் என் மனம் எங்கும் அலையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்த அறையில்தான் இருந்தாள்.

படுக்கையைக் கீழே இறக்கினேன். மூன்று வேளைச் சாப்பாடு, துவைத்த துணி, எதிலும் குறை வைக்கவில்லை. அவள் செல்போன் என்னிடம் இருந்தது. அவளுடைய அக்காவுக்கு நானே செய்தி அனுப்பினேன். மைதானத்துப் பெண்கள் இரண்டு முறை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிறு கருவி ஒவ்வொரு அடியையும் என் செல்போனில் காட்டும். மேசையில் உட்கார்ந்தபடி பார்ப்பேன். காலையில் நூற்றைம்பது, மாலைக்குள் முந்நூறு. அடைபட்டதாக நினைக்கும் ஒருத்தி முந்நூறு பந்து அடிப்பாளா? ஐந்தாம் மாதத்திலிருந்து பந்துகள் எல்லாம் வலது ஓரமாகப் போயின. “தோள் சரியா திரும்பல உனக்கு,” என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பதினான்காம் மாதத்தில் ஒரு பந்து எதிலோ பட்டுத் திரும்பிவந்து புரொஜெக்டரின் கண்ணாடியை உடைத்தது. கழற்றிக் கடையில் கொடுத்தேன். நான்கு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அந்த அறையில் வேறு விளக்கு கிடையாது. டார்ச் ஒன்று கொடுக்கலாம் என்று தோன்றியது. நான்கு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் போனபோது, புரொஜெக்டரோடு இணைத்துச் சோதிக்க என் செல்போனைக் கேட்டார். திரையைத் தள்ளிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

“சார், நேத்து அறுநூத்துப் பன்னெண்டு ஷாட்னு காட்டுது.”

“இருக்கும்.”

“புரொஜெக்டர் நாலு நாளா என்கிட்டல்ல இருக்கு? படம் இல்லாம எதைப் பாத்து அடிக்கிறாங்க?”

“அவளுக்குப் பழக்கம்.”

“அந்த ரூம்ல லைட்டே இல்லையே சார். நான்தானே கழட்டினேன்.” செல்போனை முகத்தருகே கொண்டுபோனார். “எல்லாம் ஒரே இடத்துக்குப் போயிருக்கு. வலது பக்கம்.” அந்த அறையை அளந்தவர் அவர். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அங்க கதவுதானே சார் இருக்கு.”

பிறகு, “உக்காருங்க, உள்ள போயி ஒயர் எடுத்துட்டு வந்துடறேன்,” என்றார். என் செல்போன் அவர் கையிலேயே இருந்தது. ஒயர் எடுக்க நாற்பது நிமிடம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன், நீங்கள் போலீஸ் ஜீப்பில் வரும்வரை. ஓடுகிறவன் தப்பு செய்தவன்.

கதவின் உள்பக்கம் கையளவு குழிந்து, பலகை பிளந்திருந்ததாகச் சொன்னீர்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடியவன் நான்தானே. புத்தகம் வாங்கிய நாளிலும் அது அங்கே இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியைப் பதினான்கு மாதம் பூட்டி வைத்தேன். அதில் நான்கு நாள் இருட்டில் வைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா வீட்டில் அவள் எல்லா விளக்கையும் எரியவிட்டு, வாசற்கதவைத் திறந்துபோட்டுப் படுக்கிறாள் என்றீர்கள். பத்தொன்பது நாள் ஆகிறதாம். அவ்வளவு நாள் அவள் என்னைப் பார்க்காமல் இருந்ததே இல்லை. பாவம், தவித்துப்போயிருப்பாள்.