சூட்டுக் கட்டி என்று நான் படித்த கடிதம்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மெட்ராஸ் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் இந்தப் பக்ருதீனிடம்தான் கொண்டுவருவார்கள். ஆளின் முகம் பார்த்துப் பக்குவமாகப் படித்துச் சொல்வேன்.

1958 ஆடியில் என் மனைவி சர்புன்னிசாவின் மார்பில் ஒரு கட்டி. மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். பத்து நாளில் இங்கிலீஷில் கடிதம் வந்தது. புற்றுநோய், ஆரம்ப நிலைதான், ஒரு மாதத்துக்குள் மெட்ராஸில் ஆபரேஷன் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். அதை அவளுக்கு உரக்கப் படித்தேன்:

"சூட்டுக் கட்டியாம். எண்ணெ தேச்சுக் குளிச்சாக் கரைஞ்சிருமாம்."

என்னைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே யாரும் புற்றுநோய் என்று சொல்வதில்லை. 'அது' என்பார்கள், அதையும் வாயைப் பொத்திக்கொண்டு. தாய்க்கு வந்தால் மகளுக்கும் உண்டு என்பது, டாக்டருக்குப் படிக்காத அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து ஊர் அகரத்தில் ஒரு தாய்க்கு 'அது' என்று தெரிந்த அன்றே மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் முறிந்தது. என் மூத்தவள் மெஹராஜுக்குச் சித்தையன்கோட்டையில் நல்ல இடம் அமைந்திருந்தது. முஹர்ரமும் ஸபரும் கழியாமல் நாங்கள் நிக்காஹ் வைப்பதில்லை. ஆக, இரண்டு மாதம். மாப்பிள்ளை வீட்டாரே பொறுத்துக்கொண்டார்கள், ஒரு கட்டிக்கு என்ன அவசரம்?

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. பிரியாணியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அடுத்து இளையவள் இருந்தாள். அவளுக்கு இடம் அமைய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்கு நான் பொறுப்பாக முடியுமா?

இளையவளின் நிக்காஹில் சர்புன்னிசாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். கல்யாண அலைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு மாதத்தில் மவுத்தானாள். சூட்டினால் போய்விட்டாள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஜனங்கள் அவ்வளவு நாகரிகமானவர்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அடுத்த வீட்டு ஆனந்தமேரி டீச்சர் வந்தார். கடிதம் வந்த வாரமே சர்புன்னிசா அதை என் பெட்டியிலிருந்து எடுத்துப்போய் அவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க," என்றார் டீச்சர். "'மெஹராஜுக்கு நிக்காஹ் முடியட்டும், அப்புறம் அவரே கூட்டிட்டுப் போயிருவாரு'ன்னாங்க."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கட்டின கணவனிடம் ஒளிக்கும் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது? வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏற்றியிருப்பேன்.

மெட்ராஸ் பேச்சை அவள் எடுத்தது ஒரே ஒரு தடவை. மெஹராஜைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், "இப்பவாச்சும் மெட்ராஸுக்குப் போவமாங்க?" என்றாள். இளையவளையும் கரையேற்றிவிட்டுப் போகலாம் என்றேன். சரி என்று எழுந்து போனாள். பாவம், கடல் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.