முப்பத்தேழால் வகுபடும் ஓட்டு

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்மா. நீதிபதி நீங்க மட்டும் பேனாவை எடுங்க. கால்குலேட்டரு வேணாம், என்கிட்ட கணக்குப் படிக்கிற பத்தாங்கிளாஸ் பசங்க இதை வாயாலயே போட்டுருவாங்க. செயிச்சவருக்காகத் தலைநகரம் லிலோங்வேலேர்ந்து வந்திருக்கிற வக்கீலய்யாவுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

லேட்டுதாம்மா, மன்னிச்சுக்குங்க. ஒரு போனுக்காகக் காத்திருந்தேன். அதைப் பொறவு சொல்றேன்.

செயிச்ச ஆமைச் சின்னத்துக்கு எவ்வளவு ஓட்டுன்னு அறிவிச்சாங்க? ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்து இருநூத்தி எழுபத்துமூணு. அதை மூணு மூணு இலக்கமா வெட்டுங்க. நூத்தி எழுபத்தொண்ணு, இருநூத்தி எழுபத்துமூணு. கூட்டுங்க. நானூத்தி நாப்பத்துநாலு வந்துச்சா? அது முப்பத்தேழால மீதியில்லாம வகுபடும், பன்னெண்டு தடவை. அது வகுபட்டா அந்தப் பெரிய எண்ணும் வகுபட்டே தீரும்.

தற்செயலா? இருக்கலாம்மா, ஒத்துக்கறேன். முப்பத்தேழு எண்ணுக்கு ஒண்ணு அப்படி அமையும். இப்ப சாவடி சாவடியா பாருங்க. முதல் சாவடி எழுநூத்தி மூணு. அடுத்தது அறுநூத்தி இருபத்தொம்பது. அதுக்கடுத்தது எண்ணூத்திப் பதினாலு. போட்டுப் பாருங்க, நான் நிக்கிறேன்.

ஆமா. எல்லாமே. இருநூத்தி முப்பத்தெட்டு சாவடிம்மா, ஒண்ணுகூடத் தப்பல. சனங்க என்ன, முப்பத்தேழு முப்பத்தேழு பேரா கைகோத்துக்கிட்டா வந்து ஓட்டுப் போட்டாங்க? தோத்துப்போன நர்ஸம்மா சவிங்கா, இதோ உக்காந்திருக்காங்களே, அவங்க ஓட்டுல பாருங்க, அங்கங்க ஏதோ ஆறேழுதான் அப்படி. அவங்க பிரசவம் பாத்த சனமே அவங்களைக் கைவிட்டுருச்சுன்னு ஊருல பாட்டே கட்டிட்டாங்க. இன்னிக்கு நீங்க இவங்க மனுவைத் தள்ளிட்டா நாளைக்கு அந்த ஆமைச் சின்னத்துக்காரரு பதவியேத்துருவாரு.

தண்ணி வேணாம்மா.

இத்தனை எண்ணு இருக்க, முப்பத்தேழை எதுக்கு எடுத்துப் பாத்தேன்னு வக்கீலய்யா கேக்கறாரு. நல்ல கேள்வி. யாரா இருந்தாலும் அஞ்சு, பத்துன்னுதான் தேடுவாங்க.

ஓட்டு எண்ணுன மறுநாள் மத்தியானம், முடிவு அறிவிக்கறதுக்கு முன்னாடி, பள்ளிக்கூடத்துக்கு ஆமைச் சின்னத்து ஆளுங்க காரு ஒண்ணு வந்துச்சு. பின்சீட்டுல எம்மக தியாமிகே ஆரஞ்சு சோடா குடிச்சிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்தவன் மடியில துப்பாக்கி. வாத்தியாரே, நிஜ எண்ணு மாதிரியே இருக்கணும், பூஜ்யத்துல முடியக்கூடாதுன்னானுங்க. நான் சொல்லச் சொல்ல அவனுங்க எழுதிக்கிட்டானுங்க. இருநூத்தி முப்பத்தெட்டும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மக மூணு சோடா குடிச்சிட்டா.

காலையில வந்த போன் அவதாம்மா. எல்லை தாண்டி ஜாம்பியாவுல அத்தை வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளாம். இனி வாசல்ல நிக்கிற போலீஸ்காரரை நீங்க உள்ள கூப்பிடலாம், நான் எங்கயும் ஓடல.

ஏன் முப்பத்தேழுன்னா, அன்னிக்கு என் வயசும்மா அது. வேற எண்ணு யோசிக்க நேரம் கெடைக்கல.